கூலிக்கு அல்லாத கொட்டு

தோழர்களே, பறை இழிவின் அடையாளமா, விடுதலையின் இசையா என்று நம் கூட்டங்களில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். எனக்கு இதில் தெளிவு வந்தது ஒரு சாவு வீட்டில்.

திருச்சுழிப் பக்கம் கரிசல்காட்டுக் கிராமம் எங்களுடையது. ஊரில் யார் செத்தாலும் போய்க் கொட்டடிப்பது எங்கள் குடும்பத்தின் தலையில் கட்டப்பட்ட வேலை. நான் கல்லூரியில் சேர்ந்த வருசம், "இனி அடிக்க மாட்டேன்" என்று பெரியப்பா தப்பைப் பரணில் போட்டார். ஊர்க்காரர்கள் காட்டு வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் அசையவில்லை.

சில வருசம் கழித்து, ராணுவத்துக்குப் போன எங்கள் தெருப் பையன் எல்லையில் இறந்தான். தேசியக் கொடி போர்த்திய பெட்டி வந்தது. பியூகிள் ஊதினார்கள். வானத்தை நோக்கிச் சுட்டார்கள். கொடியை மடித்து அவன் அம்மா கையில் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா பெரியப்பாவைப் பார்த்து, "அண்ணே, எம்புள்ளைக்குக் கொட்டு இல்லையா?" என்றார்.

"வேண்டாம் பெரியப்பா, விட்டதைத் திரும்பத் தொடாதீங்க" என்றேன். "அது அவுக சொல்லி அடிச்சது. இது நம்ம புள்ளைக்கு நானா அடிக்கிறதுடா" என்றார். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். அதுவரை விறைத்து நின்ற தெரு அப்போதுதான் வாய்விட்டு அழுதது. ராணுவ மரியாதை ஒரு சிப்பாய்க்கு நடந்தது. கொட்டு, எங்களோடு விளையாடிய பையனுக்கு அடித்தது.

போரில் மாண்டவனுக்கு நடுகல் நடும் சடங்கைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகிறது. கல்லை நட்டால் மட்டும் போதாது, கூடி வாழ்த்தவும் ஆள் வேண்டும். பீமா கோரேகானில் 1818 ஜனவரி 1 அன்று நடந்த போருக்குத் தூண் எழுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி, தன் வெற்றிக்காக. அதில் மகர் வீரர்கள் 22 பேரின் பெயர்கள் உண்டு. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றார். இன்று ஒவ்வொரு புத்தாண்டிலும் லட்சக்கணக்கானோர் அங்கே கூடிப் பாடுகிறார்கள். கம்பெனி நட்ட கல்லில் நம் மக்கள் தங்கள் முன்னோரைக் கண்டது இப்படிக் கூடியதால்தான்.

எங்கள் பையனை அடக்கம் செய்த அடுத்த மாதமே ஊருக்குள் ஒரு சாவு. "உங்க பையனுக்கு அடிச்சீகல்ல, இதுக்கும் வாங்க" என்று ஆள் வந்தது. பெரியப்பா போகவில்லை. மறுபடி வேலை போயிற்று. ஆனால் வருசா வருசம் பையன் இறந்த நாளில் தப்பு பரணிலிருந்து இறங்கும். இப்போது தெருப் பிள்ளைகளும் கூட நின்று அடிக்கிறார்கள்.

பறையை யார் கேட்டு, யாருக்காக அடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. உங்கள் தெருவிலிருந்து ராணுவத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருப்பார்கள். பெரியவர்களிடம் கேட்டுப் பெயர்களை எழுதி வையுங்கள். வருசத்தில் ஒரு நாளாவது கூடி, அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொட்டடியுங்கள்.

ஜெய்பீம்.