திராட்சை ஊறும் மாதம்

2024 அக்டோபர் 29, செவ்வாய்

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து இன்று மனைவியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கூடத்தில் கட்டில் போட்டாயிற்று. கோடம்பாக்கம் முழுக்கத் தீபாவளி வெடிச் சத்தம். வலி மாத்திரை போட்டுப் படுத்தவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "திராட்சைக்குச் சொல்லிட்டீங்களா?"

மாத்திரை நேரம் குறித்து வைக்க வாங்கிய நோட்டு இது. பக்கத்தில் மற்றதையும் எழுதி வைக்கிறேன். எழுதாவிட்டால் இந்த நாட்களெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். கீழ்ப்பாக்கம் கல்லறைக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

நவம்பர் 4, திங்கள்

ராயப்பன்பட்டியிலிருந்து மச்சான் ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்ட பன்னீர் திராட்சை காலையில் வந்தது. அவள் பிறந்த ஊர் அது, கம்பம் பள்ளத்தாக்கில். இந்த ரகத்தை 1832இல் பிரெஞ்சு பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மற்ற ஊர்களில் பருவம் பார்த்துக் காய்ப்பது அங்கே ஆண்டு முழுவதும் காய்க்கிறது. அதனால்தான் கிறிஸ்துமஸ் ஒயினுக்கு நமக்குக் கிடைக்கிறது.

கட்டிலில் படுத்தபடி அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். காம்பு கிள்ளி, அழுகினதைப் பொறுக்கி எறிந்து, கழுவி, ஈரம் போக வேட்டியில் பரப்பினேன். ஐந்து கிலோ பழத்துக்கு மூன்று கிலோ சர்க்கரை. கொதித்து ஆறிய தண்ணீர். பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்ட். கையால் பிசையும்போது, "விதை நசுங்கக் கூடாது, கசந்துடும்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மாமியாரின் பீங்கான் ஜாடியில் முக்கால் அளவு ஊற்றி, வாயை மெல்லிய துணியால் வேடு கட்டினேன்.

முப்பது வருடம் சினிமா ஃபிலிம் லேபில் வேலை பார்த்தவன் நான். கலர் நெகட்டிவ் டெவலப்பர் 41.1 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், மூன்று நிமிடம். பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இப்படி அப்படிப் போகக் கூடாது. ரசாயனத்தின் அடர்த்தி பார்க்க வைத்திருந்த ஹைட்ரோமீட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிழிந்த சாற்றில் மிதக்கவிட்டேன். 1.100 காட்டியது. குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 6, புதன்

நுரை கட்டிவிட்டது. தோலெல்லாம் மேலே ஏறி நிற்கிறது. மர அகப்பையால் அமுக்கி உள்ளே தள்ளினேன். அவள் ராத்திரி முழுக்க வலியில் தூங்கவில்லை.

நவம்பர் 9, சனி

வீட்டு வேலைக்கு வருகிற அம்மா இன்று சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது வாசன?"

"திராட்சை ரசம்மா. கிறிஸ்துமஸுக்கு."

"அம்மா செய்வாங்களே, அதுவா? அது வெக்கிற நாள்ல அம்மா என்ன உள்ள விட மாட்டாங்க சார். பாத்திரத்த அவங்களே கழுவிக்குவாங்க. நீ வெளிய பெருக்குனா போதும்னுடுவாங்க."

இது எனக்குத் தெரியாது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார். கணவர் பெயிண்ட் அடிக்கிற வேலை. கூலி வாங்கினதும் நேராகக் கடை. ஈரல் கெட்டு, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார். "இந்த வாசன வந்தா அவரு வாசல்ல வந்து நிக்கிறாப்ல இருக்குது சார்."

பிறகு கேட்டார்: "கள்ளக்குறிச்சில செத்தாங்களே, அதுவும் இப்டி வூட்ல செஞ்சதுதானா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜூன் மாதம் அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைச் சரக்கு அது. சாராயத்தில் கலந்து விற்றார்கள். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் கண் நரம்பைத் தாக்கும். திராட்சையை ஊற வைக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலும் கரியமில வாயுவும் விடுகிறது. தோலிலுள்ள பெக்டினிலிருந்து மெத்தனால் வருவது மிகச் சொற்பம். காய்ச்சி வடிக்கிற வேலையும் இதில் இல்லை. அதனால் இதில் அந்த ஆபத்து இல்லை.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு கவருமெண்டு கடையிலதான் வாங்கிக் குடிச்சாரு சார். அதுல யாரும் வெஷம் கலக்கல."

அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஜாடியைப் படுக்கையறைக்கு மாற்றினேன். பாத்திரங்களை நானே கழுவினேன்.

நவம்பர் 11, திங்கள்

வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தாள். பிசியோதெரபிஸ்ட் கை தட்டினார். நானும்.

நவம்பர் 16, சனி

மகன் வீடியோ காலில் வந்தான். நியூ ஜெர்சியில் வீட்டுக் கார் ஷெட்டில் கிறிஸ்துமஸுக்குப் பீர் போட்டிருக்கிறான். முளைகட்டி உலர்த்திய பார்லியை 65 டிகிரி வாக்கில் சுடுநீரில் ஊற வைத்தால்தான் மாவுச்சத்து சர்க்கரையாகுமாம். பிறகு ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட். திராட்சைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. சர்க்கரை உள்ளேயே இருக்கிறது, ஈஸ்ட்கூடத் தோலிலேயே கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

அங்கே 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வீட்டுப் பீருக்கு அனுமதி கொடுத்தார். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 கேலன், நம் கணக்கில் 378 லிட்டர். விற்கக் கூடாது. "நம்ம ஊர்ல என்னப்பா சட்டம்?" என்றான்.

நம் ஊரில் 1937ஆம் வருடச் சட்டம். ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்த்தி, 1974இல் மூடி, 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் அரசின் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. அந்தப் பழைய சட்டத்தின் கண்ணில் பீரும் ஒயினும் சாராயமும் ஒரே இனம்தான். உரிமம் இல்லாமல் எதையும் செய்யக் கூடாது. 2019 டிசம்பரில் பக்கத்துக் கேரளத்தில் கலால் துறை வீட்டு ஒயினைப் பற்றி எச்சரித்தபோது பெரிய பேச்சானது.

"அப்போ அம்மா இத்தனை வருஷமா?" என்று மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் வரிசையில் நிற்கிறவனுக்கு அனுமதி உண்டு. பண்டிகைக்கு ஒரு ஜாடி ஊற வைக்கிறவளுக்கு இல்லை. இது நியாயமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. எழுதவில்லை.

நவம்பர் 23, சனி

நுரை அடங்கிவிட்டது. புளித்துவிடுமோ என்று பயம். காற்றுப் பட்டால் அசிட்டிக் பாக்டீரியா நுழைந்து எல்லாம் வினிகராகிவிடும். பழ ஈ ஒன்று போதும். ஹைட்ரோமீட்டர் 1.030.

"ஜாடிய இங்க கொண்டாங்க" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். கஷ்டப்பட்டுச் சாய்ந்து, ஜாடியில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் கேட்டாள்.

"இன்னும் பேசுது. ஒரு வாரம் விடுங்க."

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விடியற்காலையிலிருந்து விடாத மழை. விமான நிலையத்தை மூடிவிட்டார்களாம். தெருவில் முழங்கால் தண்ணீர். மத்தியானம் கரண்ட் போனது.

அவள் சொன்ன வாரம் முடிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வடிகட்டினேன். சக்கையைத் துணியில் போட்டுப் பிழிந்தபோது கையெல்லாம் கருஞ்சிவப்பு. வடித்ததை மறுபடி ஜாடியில் ஊற்றி மூடினேன். வண்டல் அடியில் படிய இன்னும் மூன்று வாரம் வேண்டும். மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் நன்றாகத் தூங்கினாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் முறை.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக்காலம் ஆரம்பம். பால் வரவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

யார் யாருக்கு எவ்வளவு என்று கேட்டேன். "பீரோவுல பழைய நோட்டு இருக்கு. அதுபடி செய்யுங்க" என்றாள்.

வருடத்துக்கு ஒரு பக்கம். வீட்டுப் பெயர், எதிரே பாட்டில், கேக், அச்சுமுறுக்கு, கலகலா. பங்குச் சாமியாருக்கு ஒரு பாட்டில். எதிர் வீட்டு டாக்டரம்மாவுக்கு ஒன்று. சில பெயர்களுக்கு எதிரே மட்டும் 'கேக் மட்டும்' என்று அடிக்கோடு. வேலைக்கு வருகிற அம்மா. மூன்றாவது மாடிப் பையன். லேபில் என்னோடு வேலை பார்த்த நண்பர். சினிமா டிஜிட்டலுக்கு மாறி லேப் மூடியதற்கு அடுத்த வருடத்திலிருந்து.

அந்த வீட்டுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான். பையை வாங்கிக்கொள்வது எப்போதும் அவர் மனைவிதான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவரப் பாக்கும்போது உங்க முகமே காட்டிக் குடுத்துடும்."

மாத்திரை கொடுத்தேன். இரவு வெகு நேரம் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

எரிச்சலான நாள். அவளுக்கும் எனக்கும்.

டிசம்பர் 21, சனி

பாட்டிலில் ஊற்றியாயிற்று. சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதற்கு முன்னால் ஹைட்ரோமீட்டர் 1.012. ஆல்கஹால் சுமார் 11.5 சதவீதம். பீரைப் போல இரண்டு மடங்கு. தெளிவு நன்றாக வந்திருக்கிறது. சமையலறையை வெந்நீர் விட்டுத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

பாத்திமா சர்ச் பூசைக்கு அவளால் போக முடியவில்லை. நானும் போகவில்லை. மாத்திரை எடுப்பதால் அவள் குடிக்கக் கூடாது. கிளாஸை மோந்து பார்த்தாள். "எங்கம்மா கை வரல. ஆனா கெடல."

டிசம்பர் 26, வியாழன்

லேப் நண்பர் வீட்டுக்குப் போனேன். பையில் கேக், அச்சுமுறுக்கு. கதவைத் திறந்தவர் அவரே. உட்காரச் சொன்னார். பழைய பிரிண்ட்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். ஒருமுறை, "ஒயின் இல்லையா இந்த வருஷம்?" என்றார். "அவளுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 29, ஞாயிறு

நாளை எக்ஸ்ரே. எலும்பு கூடிவிட்டதா என்று அதற்குப் பிறகுதான் சொல்வார்கள்.

பண்டிகைக்கு ரசம் ஊற வைக்கிற வீடுகளுக்கு எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். ஜாடி வாயை இறுக்கி அடைக்காதீர்கள், வாயு வெளியே போகட்டும். எந்தக் காரணத்துக்காகவும் காய்ச்சி வடிக்காதீர்கள். ஒரு பாட்டில்கூட விற்காதீர்கள். கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கொடுக்கக் கூடாத வீட்டுக்கும் பையைக் கட்டாயம் அனுப்புங்கள். கேக் கொஞ்சம் கூடுதலாக.