மண்ணை இழந்தார், மொழியை இழந்தாரில்லை

மொழிக்கு வாழ்வு எங்கிருந்து வருகிறது? அரசாணையிலிருந்தா, ஆலய மணியோசையிலிருந்தா, அதைப் பேசுவோரின் உள்ள உரத்திலிருந்தா? இந்தக் கேள்வியோடு ஏடுகளைப் புரட்டியபோது, பால்டிக் கடலோரத்துச் சிறு நாடாம் லிதுவேனியா என்னை நிறுத்தி வைத்தது.

1864 முதல் 1904 வரை, லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல் எதுவும் அச்சேறலாகாது என்று தடை விதித்திருந்தது ஜார் ஆட்சி. அடங்கினரா மக்கள்? இல்லை! எல்லைக்கு அப்பால் பிரஷ்யாவில் அச்சிட்டனர். மூட்டை கட்டிச் சுமந்து, காவலர் கண்ணுக்குத் தப்பி, ஊர்தோறும் சேர்த்தனர். பிடிபட்டோர் சிறை கண்டனர். சைபீரியக் குளிர் கண்டனர்.

அத்தகைய மக்களுக்கு மீண்டும் வந்தது சோதனை. 1940-இல் சோவியத் படை. 1941-இல் ஜெர்மன் படை. 1944-இல் மறுபடியும் சோவியத் படை. பல்லாயிரவர் மேற்கே ஓடினர். எழுத்தாளர் பலரும் அவர்களுள் இருந்தனர். ஜெர்மனியின் அகதி முகாம்களில் அளந்து போட்ட உணவு. ஆயினும் அங்கேயே சங்கம் கூட்டினர், இதழ் நடத்தினர், நூல் வெளியிட்டனர். யோனாஸ் மெகாஸ் தம் சிற்றூரைப் பாடிய கவிதைத் தொகுதி 1948-இல் காசெல் நகரில் வெளிவந்தது.

பின்னர் அமெரிக்கா. அங்கும் சங்கம் தொடர்ந்தது. 1951-இல் 'மண்' என்னும் பொருள்படும் பெயரில் ஐந்து கவிஞரின் தொகுப்பு லாஸ் ஏஞ்சல்ஸில் வெளிவந்தது. ஐவருள் ஒருவரான மாச்செர்னிஸ், 1944-இல் தாய்நாட்டிலேயே போருக்குப் பலியான 23 வயது இளைஞர். மாண்ட தோழனையும் உடன் அமர்த்திக்கொண்டனர் மற்ற நால்வர்!

ஆயினும், தோழர்களே, பற்று ஒன்றே போதுமா? சனிக்கிழமைதோறும் பள்ளி நடத்தித் தம் பிள்ளைகளுக்கு மொழி கற்பித்தனர் அம்மக்கள். ஆசிரியன் என்ற முறையில் எண்ணிப் பார்க்கிறேன்: தெருவிலே ஆங்கிலம் பேசி வளரும் சிறுவனுக்கு, தான் காணாத காட்டையும் வயலையும் எண்ணி அழ மட்டுமே கற்பித்தால், அவன் எத்தனை நாள் அழுவான்? அவன் வாழும் வாழ்வையும் அந்த மொழி பேச வேண்டாமா?

பேசவைத்தார் அந்தானாஸ் ஷ்கேமா. நியூயார்க்கில் மின்தூக்கி இயக்கிப் பிழைத்தவர். 1958-இல் லண்டனில் வெளிவந்த அவர் புதினத்தின் நாயகனும் ஓட்டலில் மின்தூக்கி இயக்கும் கவிஞனே. மாடி ஏறி இறங்கும் இரும்புப் பெட்டிக்குள் நின்று பேசியது லிதுவேனிய மொழி! இதுவா இலக்கியம் என முகம் சுளித்தோர் உண்டு. இன்றோ, அந்நாட்டின் தலைசிறந்த புதினங்களுள் ஒன்றென அதைப் போற்றுகின்றனர்.

மற்றொரு பூசலும் மூண்டது. ஆக்கிரமிப்பின் கீழ் எழுதப்படுவதைத் தொடுவதே துரோகம் என்றனர் ஒரு சாரார். 1957-இல் ஒன்றிணைந்த 'சாந்தாரா-ஷ்விஏசா' அமைப்பினரோ, "தாய்நாட்டை நோக்கி முகம் திருப்புவோம்" என்றனர். 1959-இல் தொடங்கிய 'மெத்மெனிஸ்' இதழில், சமூகவியலறிஞர் கவோலிஸ் ஆசிரியராயிருந்து, இருபுறத்து எழுத்தையும் ஆராய்வுக்கு உட்படுத்தினார். வசைமொழி வந்தது, அவர்கள் வழி மாறவில்லை.

1990 மார்ச் 11-இல் விடுதலையை மீண்டும் அறிவித்தது லிதுவேனியா. வெளிநாட்டில் விளைந்த நூல்கள் வீடு திரும்பின. 'மண்' தொகுத்த பிராதூனாஸும் 1992-இல் திரும்பினார்.

மொழியைப் பீடத்தில் ஏற்றி மலர் தூவியவர் அதைக் காத்தாரில்லை. அதைக் கொண்டு ஐயுற்றவர், வினவியவர், புதியன புனைந்தவர் காத்தனர். பூசைக்குரிய பொருளன்று மொழி, புழங்குதற்குரிய கருவி!