முன்கதை கேட்பவர்கள்

கொல்லி மலைக்குக் காரவள்ளி வழியாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவைத் தாண்டுவதற்குள் எங்கள் வேனில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டன. 2023 ஆகஸ்டில், வல்வில் ஓரி விழாக் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு நாள் மலையில் தங்கிப் பேசலாம் என்று கிளம்பிய ஐந்து வாசகர்கள் நாங்கள். பேச வேண்டியவை என்று ஒரு பட்டியல்கூட இருந்தது. அதில் ஒன்றையும் பேசவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' வரிசைக்கு முன்கதை தேவைதானா என்று யாரோ வாயைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

1977, 1980, 1983 என மூன்று படங்கள். பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பின் 1999இல் கதைக்கு முந்தைய கதை தொடங்கி 2005இல் முடிந்தது. கறுப்பு முகமூடியும் இரைக்கும் மூச்சுமாக நின்ற டார்த் வேடரை ஒன்பது வயதுப் பையனாகக் கொண்டுவந்து நிறுத்தியதை மன்னிக்கவே முடியாது என்றார் எங்களில் மூத்தவர். "அந்தப் பையனப் பாத்த அப்புறந்தாங்க முகமூடிக்குள்ள ஒரு ஆள் இருக்கான்னே எனக்குத் தெரிஞ்சது" என்றார் இளையவர். இருவருக்கும் வயதில் இருபது ஆண்டு வித்தியாசம். பதினைந்து வயதில் எதைப் பார்த்தோமோ அதுவே மூலம், மற்றதெல்லாம் ஒட்டு என்று நினைப்பது எல்லா ரசிகர்களுக்கும் பொது. ஆகவே இந்தச் சண்டையில் தீர்ப்புக்கு இடமில்லை என்று எண்ணி நான் சன்னல் வழியே மிளகுக்கொடி பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் கேள்வி என்னவோ விடவில்லை.

அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' நினைவுக்கு வந்தது. 1951இல் நூலாக வந்த முதல் பாகத்தில் ஹாரி செல்டன் சில பக்கங்களே உயிரோடு இருக்கிறார். பிறகு, நெருக்கடிகள் வரும் காலத்தில், முன்பே பதிவு செய்துவைத்த உருவமாகத் தோன்றிப் பேசிவிட்டு மறைகிறார். அந்த இடைவெளிதான் அவரைப் பெரிதாக்கியது. 1988இல் அசிமோவ் அவரை இளைஞராக்கித் தெருத்தெருவாக ஓடவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அசிமோவ் 1992இல் இறந்த பிறகு, 1993இல் வெளியான கடைசி நூலில், தன்னைச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக இழந்துகொண்டே வேலையை முடிக்கப் பார்க்கும் கிழவர் ஒருவர் வருகிறார். முன்கதைக் கட்சிக்கு என்னால் தர முடிந்த முதல் சலுகை அவர்தான்.

செம்மேட்டில் ஓரி சிலைக்கு எதிரே தேநீர் குடிக்கும்போது பேச்சு கொல்லிப்பாவைக்குத் தாவியது. அந்த மலையில் அது தவிர்க்க முடியாதது. சங்கப் பாடல்களில் இந்தப் பாவை பெரும்பாலும் உவமையாகவே வருகிறாள். தலைவியின் அழகைச் சொல்ல மலையின் மேற்குப் பக்கத்துப் பாவையைக் காட்டுகிறார்கள் கபிலரும் பரணரும். குறுந்தொகையில் அவளை வரைந்தது ஒரு தெய்வம். நற்றிணையின் ஒரு பாட்டில் அவளை ஆக்கியது பூதம். இன்னொரு பாட்டில் காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் வந்தாலும் உரு மாறாதவள். யாருக்காக, எதற்காக, எப்போது என்று ஒருவரும் சொல்வதில்லை. கேட்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிய வேண்டிய தேவை இருந்திருக்காது.

தேவை பின்னால் வந்தவர்களுக்கு ஏற்பட்டது. தவம் செய்யும் முனிவர்களை அசுரர்கள் தொந்தரவு செய்தார்கள், அவர்களை மயக்கிச் சிரித்துக் கொல்வதற்காகப் பாவை ஒன்று செய்து நிறுத்தப்பட்டது, ஆள் அரவம் கேட்டால் அது அசையும், சிரிக்கும் என்று கதை விரிந்தது. இன்று மலையில் எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுபவள் அவளே என்கிறார்கள். அறிவியல் புனைவு வாசகனுக்கு இந்தப் பிற்காலக் கதை இனிக்கத்தான் செய்யும். மனித உருவம், தானே இயங்குவது, எதிரியை அடையாளம் காண்பது, கொல்வது: இயந்திர மனிதனுக்கு வேண்டிய இலக்கணம் எல்லாம் இருக்கிறது. இருந்தும் எனக்கு நற்றிணைப் பாவையே போதும். காரணம் சொன்னதும் அவள் காவல்காரி ஆகிவிடுகிறாள். (அ. ராஜமார்த்தாண்டன் தம் சிற்றிதழுக்குக் 'கொல்லிப்பாவை' என்று பெயர் வைத்தார் அல்லவா? அது மழைக்கு அசையாதவளா, சிரித்துக் கொல்பவளா என்று அன்று வெகுநேரம் விவாதித்தோம். சிற்றிதழ் என்பதால் இரண்டாமவளே என்று மூத்தவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம்.)

ஆனால் முன்கதையே ஆகாது என்று நான் சொல்ல முடியாதபடி தடுப்பவர் கல்கி. 'பார்த்திபன் கனவு' 1941இல் தொடராக ஆரம்பமானது. 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை. எழுதியதில் பின்னது, கதைக் காலத்தில் ஒரு தலைமுறை முன்னது. 'முன்கதை' என்று யாரும் அன்று அதற்கு முத்திரை குத்தவில்லை, ஆனால் அது அதுதான். பார்த்திபன் கனவில் ஒற்றைக் கையுடன் நரபலி கேட்டுத் திரியும் கபாலிகர் ஒருவர் உண்டு. மகா கபால பைரவர் என்று பெயர். பன்னிரண்டு வயதில் படித்தபோது இரவில் கொல்லைப்பக்கம் போகப் பயந்தது அவரால்தான். முடிவில் சிறுத்தொண்டர் வந்து, இவர் வாதாபிப் புலிகேசியின் சகோதரர் நீலகேசி என்று வெளிப்படுத்துகிறார். அந்த நாவலைப் பொறுத்தவரை அது ஒரு வேடம் கலையும் காட்சி. பூச்சாண்டிக்கு ஒரு முகவரி கிடைக்கிறது.

அந்தப் பூச்சாண்டி சபதத்தில் நாகநந்தி அடிகளாக வருகிறார். அஜந்தாவில் வளர்ந்து, கலையின் மேல் பித்துக்கொண்டு, சிவகாமியின் நடனத்தால் நிலைகுலைந்து, தம்பிக்காக எல்லாம் செய்து, தம்பியாலேயே தோற்று, கடைசியில் பரஞ்சோதியின் வாளுக்குக் கையை இழக்கிற மனிதர். வெட்டப்பட்ட கையோடு முதல் நாவலில் நுழைந்தவருக்கு, அந்தக் கை ஒரு காலத்தில் எதைப் பற்ற நினைத்தது என்பதை இரண்டாம் நாவல் சொல்கிறது. இதை விளக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்கம் பயத்தைக் குறைக்கும். சபதத்தைப் படித்துவிட்டுத் திரும்பக் கனவை எடுத்தால் கபாலிகரிடம் பயம் குறையவில்லை, பயத்தோடு பரிதாபமும் சேர்ந்துகொள்கிறது. நரசிம்மவர்மருக்கும் அதே கதிதான். கனவில் மாறுவேடத்தில் வந்து எல்லோருக்கும் நல்லது செய்யும் கனிந்த சக்கரவர்த்தி, ஒரு காலத்தில் ஒரு பெண்ணை ஒன்பது ஆண்டு காத்திருக்க வைத்தவர் என்று தெரிந்த பிறகு, அந்தக் கனிவில் ஒரு கணக்குத் தீர்ப்பு தெரிகிறது. முதல் நாவலை எழுதும்போது கல்கிக்கே இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இப்போது புதிதாகப் படிக்க வருபவர்களிடம், காலவரிசைப்படி சபதத்தை முதலில் படியுங்கள் என்று சொல்கிறார்கள். இது பெரிய அநியாயம். எழுதிய வரிசையில்தான் படிக்க வேண்டும். முதலில் பயப்பட வேண்டும்.

நமது அறிவியல் புனைவுக்கு வருகிறேன். எங்களில் இளையவர், நாமக்கல்காரர், இரண்டாம் நாள் காலை ஆகாய கங்கைக்குப் படி இறங்கத் தயாராக இருந்தவர்களை நிறுத்தி, பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வுக்கு அவர் எழுதிவரும் முன்கதை. தட்டச்சில் நாற்பது பக்கம்.

1980களில் ஆனந்த விகடனில் வந்த தொடர் அது. 'மீண்டும் ஜீனோ' அதன் தொடர்ச்சி. ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆளும் 2021ஆம் ஆண்டு இந்தியா. பெயர்கள் இரண்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும்: நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற அனுமதி வேண்டும். இவர்கள் நடுவே புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. கதை தொடங்கும்போதே இந்த ஆட்சி பழகிப்போன ஒன்று. மக்கள் அதன் வழக்கங்களை, நாம் ரேஷன் கடை நேரத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள்.

என்னிடம் இந்த நாவல் வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்துவைப்பார். இந்தத் தொகுப்பில் முதல் சில வாரங்கள் கிடையாது. பக்கத்து வீட்டில் இரவல் போன இதழ்கள் திரும்பவில்லை. ஆகவே எனக்கு நாவல் நடுவிலிருந்துதான் ஆரம்பித்தது. ஜீவா எப்படி ஆட்சிக்கு வந்தான் என்பது காணாமல்போன அந்தப் பக்கங்களில் இருக்கும் என்று நம்பினேன். ஒரு போர், அணுகுண்டு, ராணுவப் புரட்சி என்று என் பங்குக்குக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டேன். அவர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். செய்தித்தாளை இறக்காமலே, "தேர்தல்ல ஜெயிச்சுத்தான் வந்திருப்பான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரயிலெல்லாம் நேரத்துக்கு வந்திருக்கும். எல்லாரும் பத்து மணிக்கு ஆபீஸ் வந்திருப்பாங்க. நல்லதுன்னுதான் பேசிக்கிட்டிருப்பாங்க" என்றார். 1975க்கும் 1977க்கும் இடைப்பட்ட மாதங்களைப் பற்றி அவர் வீட்டில் பேசியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். அவசரநிலை என்ற சொல்லைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து நூலாக வாங்கியதும் முதல் வேலையாக அந்த அத்தியாயங்களைப் படித்தேன். அவற்றில் போரும் இல்லை, புரட்சியும் இல்லை. நிலா இருக்கிறாள், சிபி இருக்கிறான், அனுமதிக்காகக் காத்திருக்கிறார்கள்.

இதனால் இளைஞரின் கோப்பை நான் சந்தேகத்தோடுதான் வாங்கினேன். சந்தேகத்துக்கு ஏற்றபடியே முதல் முப்பது பக்கங்கள் இருந்தன. ஜீவாவின் இளமை, அவன் அம்மா, அவன் பட்ட அவமானம், ஒரு துரோகம். டார்த் வேடருக்குச் செய்ததையேதான் இவரும் செய்திருந்தார். சர்வாதிகாரிக்கு ஒரு காயத்தைக் கொடுத்துவிட்டால் நாட்டுக்குப் பொறுப்பில்லாமல் போய்விடுகிறது. கல்கியின் கபாலிகருக்கு வரலாறு கொடுத்தது பலித்ததென்றால், அவர் ஒரு தனி மனிதரின் வெறி என்பதால் பலித்தது. ஜீவா அப்படியல்ல. அவனை இருக்க அனுமதித்தவர்கள்தான் அவனுடைய கதை. சுஜாதா எழுதியதற்கும் 2021க்கும் இடையில் கிட்டத்தட்ட முப்பத்தைந்து ஆண்டுகள். அந்த ஆண்டுகளை நாமே வாழ்ந்து முடித்துவிட்டோம். அடையாள எண் வாங்க வரிசையில் நின்றோம். கண்ணையும் விரலையும் கொடுத்தோம். வேலை சீக்கிரம் முடிந்ததே என்று மகிழ்ந்தோம். நமக்கு ஜீவா வரவில்லை என்பது உண்மை. வரிசைகளும் உண்மை.

ஏழாம் அத்தியாயத்தில் கோப்பு மாறியது. ஒரு பதிவு அலுவலகம். பெயர்களை இரண்டு எழுத்தாகச் சுருக்கும் சட்டம் வந்து முதல் வாரம். வேதநாயகம் என்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மனைவியோடு வந்து நிற்கிறார். அதிகாரி கெட்டவர் இல்லை. முதியவருக்கு நாற்காலி போடச் சொல்கிறார், தண்ணீர் தருகிறார். எந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று யோசித்துவிட்டு வந்தால் சீக்கிரம் முடியும் ஐயா என்கிறார். வரிசையில் நிற்பவர்கள் உதவிக்கு வருகிறார்கள். ஒருவர் 'வேத' என்கிறார், ஒருவர் 'நாய' என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்கிறார். சிரிப்பு. வேதநாயகமும் சிரிக்கிறார். படித்துக்கொண்டிருந்த மூத்தவர், முன்கதை விரோதி, பக்கத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

முதல் முப்பது பக்கங்களை எடுத்துவிடுங்கள் தம்பி என்று அவரே சொன்னார். இளையவர் ஒப்பவில்லை. "ஜீவா இல்லாம யாருங்க படிப்பாங்க?" என்றார். நியாயமான கேள்வி. பெயரைக் கேட்டதும் வாங்குகிற ரசிகர்கள் ஜீவாவைத்தான் கேட்பார்கள், ஜீனோவைக் கேட்பார்கள். வேதநாயகத்தை யாரும் கேட்கப்போவதில்லை. வேறொரு சிக்கலும் இருக்கிறது. கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமை ஆயின. பொன்னியின் செல்வனுக்கு யார் வேண்டுமானாலும் முன்னும் பின்னும் எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். சுஜாதா மறைந்தது 2008இல். சட்டப்படி 2068 முடியும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது உரிமை உள்ளவர்களிடம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ஜீவாவையும் ஜீனோவையும் எடுத்துவிட்டு, வேறு பெயரில் வேறு நாவலாக எழுத வேண்டும். அப்படி எழுதினால் அது முன்கதையே அல்ல என்று இளையவர் வருத்தப்படுகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை, ஆனால் எழுதப்போவது நான் இல்லையே.

திருத்தம் பார்க்கச் சொல்லிக் கோப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஏழாம் அத்தியாயம் பாதியில் நிற்கிறது. வேதநாயகத்துக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். மனைவி பங்கஜவல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று, தன் இரண்டு எழுத்தை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்.