நெலுவுக்கு எத்தனை பெயர்?

ஹோட்டன் சமவெளிப் பக்கம், காட்டு மரங்களின் கீழ் ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும் செடி நெலு. அதன் பல இனங்கள் ஏறத்தாழ 12 ஆண்டுகள் பூக்காமலே வளர்ந்து, ஒரே பருவத்தில் சேர்ந்து பூத்து, வித்துச் சொரிந்து, சேர்ந்தே மடிந்துவிடும். வித்துப் பொறுக்கக் காட்டுக்கோழிகள் கூட்டமாய் வரும். 2013இல் அப்படிப் பூத்தபோது குடும்பத்தோடு போயிருந்தோம்.

"உம்மா, இது நீலம், அது வெள்ளை. ரெண்டும் நெலுதானா?" என்று மகள் கேட்டாள்.

வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது, படித்தவர்களே இதில் இருநூறு வருடங்களாக மல்லுக்கட்டுகிறார்கள் என்று.

நெலுவும் நீலகிரியின் குறிஞ்சியும் ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற ஒரே சாதியைச் சேர்ந்தவை. 1826இல் புளூம் என்பவர் வைத்த பெயர் அது. குறிஞ்சி பட்ட அலைச்சலைக் கேளுங்கள். நீஸ் என்ற ஜெர்மானியர் அதைப் பிளெபோபில்லம் என்ற வேறொரு சாதியில் வைத்தார். பின்வந்தவர்கள் ஸ்ட்ரோபிலாந்தஸுக்கு மாற்றினார்கள். 1944இல் பிரெமேகாம்ப் என்ற டச்சுக்காரர், முக்கியமாக மகரந்த மணிகளின் வடிவத்தை வைத்து, இந்தக் கூட்டத்தையே ஐம்பதுக்கும் மேற்பட்ட சாதிகளாகப் பிரித்தார். குறிஞ்சி மறுபடியும் பிளெபோபில்லம் ஆயிற்று! அந்தப் பிரிவினை நிலைக்கவில்லை. 1998இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய திருத்திய கைநூலின் 12ஆம் தொகுதி வந்தபோது நம் நெலுக்கள் ஒரே சாதிக்குள் இருந்தன. பிறகு வந்த மரபணு ஆய்வுகளும் பிரித்தவரின் பக்கம் நிற்கவில்லை. ஆனாலும் அவர் உழைப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். இந்தச் செடிகளில் மகரந்தம் எத்தனை விதமாய் இருக்கிறது என்று அத்தனை பொறுமையாகப் பார்த்தவர் அவர்.

சாதியை விடுங்கள், இனம் பிரிப்பதுதான் பெரும்பாடு. கேசரம் இரண்டா நான்கா, பூவடியிலையில் மயிர் உண்டா, வித்து எப்படி என்றெல்லாம் பார்க்கவேண்டும். பூக்காத ஆண்டில் இவற்றில் எதைப் பார்ப்பது? முப்பது வருடம் இதே வேலையாய் இருப்பவருக்கும் ஓர் இனம் இரண்டு மூன்று தடவைதான் பூத்துக் காட்டும். ஆகவேதான் பேராதனையில் பத்திரப்படுத்தியிருக்கும் உலர்ந்த செடிகளுக்கு அவ்வளவு மதிப்பு. நூறு வருடத்துக்கு முன் யாரோ பூவோடு ஒடித்து, தாளில் அழுத்தி, இடமும் தேதியும் எழுதி வைத்தவை.

இரண்டு இனங்களை ஒன்றென்று எழுதிவிட்டால், அதில் ஒன்று ஒரேயொரு மலையில் மட்டும் வாழ்வது யார் கண்ணிலும் படாது. அந்த மலையைப் பூக்காத ஆண்டில் வெட்டினால், வெட்டியவருக்கு அது வெறும் பற்றை. கோப்பிக்கும் தேயிலைக்குமாக அழிந்த காடுகளில் எந்தெந்த நெலு நின்றது என்பதற்கு, அந்தப் பழைய தாள்களைத் தவிர வேறு சாட்சி அநேகமாக இல்லை.