தெரியும், முடியும், வரும்

ஒருவருடைய ஆற்றலைக் குறிக்க நம் பேச்சில் மூன்று சொற்கள் உலவுகின்றன. மூட்டையைத் தூக்க 'முடியும்' என்கிறோம். நீந்தத் 'தெரியும்' என்கிறோம். பாட்டு நன்றாக 'வரும்' என்கிறோம். முதலாவது உடல் வலிமை, இரண்டாவது கற்றறிந்தது, மூன்றாவதோ பிறவியிலேயே அமைந்தது போன்ற தொனி உடையது. ஆங்கிலேயரோ பெரும்பாலும் இம்மூன்றுக்கும் 'கேன்' என்ற ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளுகின்றனர்!

அச்சிறு சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'அறிந்திருக்கிறான்' என்பதே. இன்று சூழ்ச்சியைக் குறிக்கும் 'கன்னிங்' அதன் உறவுச் சொல்; அன்று அது அறிவையும் கைத்திறனையும் குறித்தது. வலிமையால் இயல்வதைச் சொல்ல அவர்களிடம் 'மே' என்ற வேறொரு சொல் இருந்தது. காலம் செல்லச் செல்ல, 'மே' அனுமதி கேட்கவும் ஐயத்தைச் சொல்லவும் ஒதுங்கிக்கொண்டது. அறிவின் சொல் வலிமையின் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

'டேலண்ட்' என்பது பண்டைய கிரேக்கரிடம் ஓர் எடையின் பெயர். அந்த எடையுள்ள வெள்ளிக்கும் அதுவே பெயர். விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில், எசமானன் ஒருவன் அதை ஊழியருக்குப் பகிர்ந்தளித்துச் செல்கிறான். பெருக்கியவர் பாராட்டுப் பெறுகின்றனர். மண்ணில் புதைத்தவன் கடிந்துகொள்ளப்படுகிறான். இக்கதையின் வழியாகவே அச்சொல்லுக்குத் திறமை என்ற பொருள் வந்தது. ஆக, கொடுத்து வைத்த திறமைக்கும் உழைப்பு வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பவர். “எனக்குப் படிக்கத் தெரியாது” என்பாரேயன்றி, “வராது” என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'தெரியாது' என்பதில் கதவு திறந்திருக்கிறது. 'வராது' என்பது பூட்டிவிட்டுப் போய்விடுகிறது. எம்போன்ற பிள்ளைகளைப் பார்த்து, “இவனுக்குக் கணக்கு வராது” என்று எளிதில் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர். அதைக் கேட்டுக் கேட்டே பள்ளியை விட்டு ஆடு மேய்க்கப் போன தோழன் ஒருவன் எனக்கு உண்டு. மந்தையில் ஓர் ஆடு குறைந்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். அவனுக்கா கணக்கு வராது?

மாணவ நண்பர்களே! வெர்னியர் அளவியை முதன்முதல் கையிலெடுத்த நாளில் நம்மில் எவருக்கும் அதில் அளவெடுக்கத் தெரியாது, இன்று தெரியும். இடையில் நடந்தது ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததும் நாம் திரும்பத் திரும்பச் செய்ததுமே. நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம். அன்று கடைசி வரிசைப் பிள்ளை ஒருவனைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால், “அவனுக்கு இன்னும் தெரியாது” என்று மட்டும் சொல்வோம். சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் போய் அமர்வோம்.