எழினி என்று எழுதவும்

வெள்ளி, கொட்டாஞ்சேனை

பிள்ளைக்குக் கார்த்திகை நட்சத்திரம். பஞ்சாங்கம் அதற்குக் கொடுத்திருக்கும் எழுத்துகள் அ, இ, உ, எ. மாமி யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் நான்கையும் சொல்லி, 'அ' வரிசையில் நல்ல பெயர்களாக ஒரு பட்டியலும் வாசித்தார். நாங்கள் அதற்கு முன்னமே 'எ'வில் நின்றுவிட்டோம். எழினி.

இவருக்கு இந்தப் பெயர் மேடையிலிருந்து வந்தது. படிக்கிற காலத்தில் நாடகம் போட்டவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மேடைத் திரைகளை மூன்றாகச் சொல்கிறது. எனக்குப் பிடித்தவன் புறநானூற்று எழினி. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி, ஔவையார் பாடியவன்.

"அது ஆம்பிளைப் பேரெல்லோ பிள்ளை?" என்று மாமி கேட்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான். இப்போது பெண் பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எளினி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஊரில் ழகரமும் ளகரமும் பேச்சில் ஒன்றுதான். அப்படியும் அந்தப் பெயரை முதன்முதல் வாய்விட்டுச் சொன்ன மூத்தவர் அவர்தான். எனக்கு மனம் நிறைந்தது.

ஞாயிறு, கொட்டாஞ்சேனை

பூசை முடிந்து லூசியா தேவாலயத்திலிருந்து நேரே வீட்டுக்கு வந்த சனம். அம்மாவின் பக்கம் முழுக்கக் கத்தோலிக்கர். என்ன பேர், என்ன பேர் என்று கேட்டு, ஒவ்வொருவரும் தங்களுக்கு வந்தபடி சொன்னார்கள். எளினி, எலினி, எழிலினி. பெரியம்மா ஒருவர் எலீனா என்றே முடிவுகட்டி, புனித எலேனாவின் பெயரா என்று சந்தோஷப்பட்டார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா 'எலினி தூ' என்று தூக்கிக் கொஞ்சினார்.

"வாயில நுழையிற பேரா வச்சிருக்கலாமே புள்ள" என்று அம்மா குசினிக்குள் மெல்லச் சொன்னாள்.

இதைச் சொல்வது அம்மாவா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் சொந்தத்துக்குள் சூசை உண்டு, சந்தியாகு உண்டு, இன்னாசி, சவிரிமுத்து, பாவிலு எல்லாம் உண்டு. போர்த்துக்கேயர் 1505இல் இந்தக் கரைக்கு வந்தபிறகு கோயில் புத்தகங்களில் ஏறிய பெயர்கள் இவை. ஜுசே என்பது சூசையானது. சந்தியாகோ சந்தியாகுவானது. இனாசியோ இன்னாசியானார், பாவுலோ பாவிலுவானார். முதலில் கேட்ட மீனவனுக்கும் கமக்காரனுக்கும் அவை எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்! தங்கள் நாக்குக்கு இசைந்தபடி அவற்றைத் திருத்தி, பின்னால் பிள்ளையும் முத்தும் சேர்த்து, பேரப்பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். சவேரியார் என்கிற நம் உச்சரிப்பு, இங்கிலீசுக்காரர் சொல்லும் 'ஸேவியர்' என்பதைவிடப் போர்த்துக்கேய ஒலிக்குக் கிட்டவும் நிற்கிறது. சூசை என்ற பெயரை இன்று யாராவது பிழையான உச்சரிப்பு என்று சொன்னால் அம்மா விடுவாளா?

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சூசையப்பரை நினைத்தாளோ தன் தகப்பனை நினைத்தாளோ, பதில் சொல்லவில்லை. பின்னேரம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எளினி, எளினி என்று பாட்டாகவே படித்தாள்.

செவ்வாய், கொச்சிக்கடை

துடக்குக் கழிந்த பிறகு பிள்ளையின் முதல் வெளிப்பயணம் அந்தோனியார் கோயிலுக்கு. செவ்வாய் என்றால் எல்லாச் சமயத்தாரும் அங்கே. ஒரு பக்கம் 'அந்தோனியாரே', ஒரு பக்கம் 'சாந்த அந்தோனி', ஒரு பக்கம் 'செயின்ட் அன்ரனி'. அவர் லிஸ்பனில் பிறந்தபோது வைத்த பெயர் பெர்னாண்டோ. யார் எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்கும் என்று நம்பித்தான் இவ்வளவு சனமும் மெழுகுதிரி ஏற்றுகிறது. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. பிள்ளையின் பெயரை அவர் முன்னால் நான் என்னுடைய ழகரத்தோடு சொன்னேன்.

வியாழன், வெள்ளவத்தை

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமியும் மாமாவும் யாழ்தேவியில் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

மாமா பெயரைப் பற்றி இவ்வளவு நாளும் ஒன்றும் சொல்லாதவர். இன்று சாப்பிட்டு முடிந்ததும், "பெயர் வடிவுதான். ஆனால் கூப்பிட்ட உடனை தமிழ்ப் பிள்ளை எண்டு தெரியும்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 83 யூலையில் அவர் இதே வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த இளம் எழுதுவினைஞர். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர் பார்த்து வீடு பார்த்து வந்தார்கள். தெருவில் மறித்தவர்கள் வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். சிங்களத்தில் அது 'பால்திய'. முதலெழுத்தை நெஞ்சிலிருந்து அதிர்த்திச் சொல்லவேண்டும். தமிழில் மட்டும் வளர்ந்த நாக்கு அங்கே தடுமாறும். அந்தத் தடுமாற்றத்துக்காக உயிர் போனது. மாமா தப்பி, அகதி முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்.

அதன் பிறகு பல வீடுகளில் பெயர் வைக்கிற முறையே மாறியது. என்னோடு படித்தவர்களில் ரொஷான், தினேஷ், அனுஷா என்று இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற பெயர்கள் எத்தனை! சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது ஒரு நொடி சந்தேகமாவது கிடைக்கட்டும் என்று பெற்றோர் எண்ணியிருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 2007 யூன் 7ஆம் தேதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளிலிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் ஒழுங்கையில் ஒரு லொட்ஜ் விடியும்போது வெறுமையாக இருந்தது.

இவ்வளவும் தெரிந்துதான் இந்தப் பெயரை வைத்தோம். மாமாவிடம் அப்படியே சொன்னேன். "ஒளிக்கத் தேவையில்லாத பெயர் ஒண்டு இவளுக்கு இருக்கட்டும் மாமா." அவர் பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.

திங்கள், வெள்ளவத்தை

பிறப்புப் பதிவுக்கு நாற்பத்திரண்டு நாட்கள் தவணை. இன்று கந்தோருக்குப் போனோம். தமிழில் பதியக் கேட்டோம். தமிழ் எழுதத் தெரிந்தவர் அன்று வரவில்லை, சிங்களத்தில் பதிந்தால் இப்போதே முடிந்துவிடும் என்றார்கள். பிள்ளையோடு வரிசையில் நின்ற களைப்பில் இவர்கூட ஒரு கணம் சம்மதிக்கப் பார்த்தார். நான் மறுத்தேன்.

ஏன் மறுத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கவேண்டும். வாய்க்கு நான் எந்தச் சட்டமும் போடவில்லை. மாமி எளினி என்கிறார், பக்கத்து வீட்டார் எலினி என்கிறார்கள், எல்லாம் என் பிள்ளையின் பெயர்தான். ஆனால் வாயிலிருந்து பெயர் எத்தனை விதமாக வந்தாலும், திரும்பிப் போய்ப் பார்க்க ஓர் இடத்தில் அது சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சிங்களத்தில் பதிந்து பின்னால் தமிழுக்கு மொழிபெயர்த்தால் எழினி எலினியாகத் திரும்பி வரும். எத்தனையோ பேரின் பத்திரங்களில் அப்படித் திரும்பி வந்து, பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று அலைகிறார்கள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. கேட்டது சலுகை அல்ல.

மேசையில் இருந்த இளம் பெண் நல்லவர். பெயரைச் சிங்களத்தில் எப்படி எழுதலாம் என்று தானாகவே ஒரு துண்டில் எழுதிப் பார்த்தார். இரண்டு எழுத்து இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டார். பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 'எளிய' என்று வெளிச்சத்துக்கு எழுதுகிற ளயன்னவா என்றார். ஆமாம், 'தெமள' என்று எங்களை எழுதுகிற அதே ளயன்ன என்றேன். தமிழ் என்ற சொல்லின் ழகரத்துக்குச் சிங்களம் என்றோ கொடுத்த இடம் அது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சிங்களத்தில் எழுதும்போதெல்லாம் இப்படியே எழுதச் சொல்லுங்கள் என்று அந்தத் துண்டையும் தந்தார். புதன்கிழமை தமிழ் உத்தியோகத்தர் இருப்பார் என்றும் சொன்னார்.

புதன்

தமிழில் பதிந்தாயிற்று. எழினி. ழகரத்தின் மேல் விசிறி சரியாக விழுந்திருக்கிறது.

சனி, வெள்ளவத்தை

இனி இங்கிலீசு எழுத்து. கடவுச்சீட்டுக்கு வேண்டும். தமிழ்நாட்டு வழக்கப்படி இஸட், எச் போடலாம். ஆனால் அங்கேயும் ஒரே வீட்டில் கனிமொழி இஸட்-எச்சோடும் அழகிரி எல்லோடும் எழுதப்படுகிறார்கள். எழும்பூரின் ழகரம் எக்மோரில் 'ஜி'யாகிப் போனது. 2020 யூனில் தமிழக அரசு எழும்பூர் உட்பட 1,018 ஊர்களுக்குத் தமிழ் ஒலிப்படி இங்கிலீசு எழுத்து அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. நம் பக்கம் ஈழத்துக்கு எல். யாழ் என்பதை ஆர்-எல் போட்டு எழுதுவதும் உண்டு. முரளிதரனின் பெயரில் நடு எழுத்தை உலகமெல்லாம் ரி-எச் என்று எழுதிப் பழகிவிட்டது. 2007இல் அவுஸ்திரேலியாவோடு ஆடும் தொடருக்கு வோர்னின் பெயரோடு அவர் பெயரையும் வைத்துக் கிண்ணம் அறிவித்தபோது, 'டி' போட்டு எழுதியதே அவர் விருப்பப்படிதான். அதற்கு முன்பே எழுநூறு விக்கெற்றை எட்டிவிட்டவருக்கும் தன் பெயரின் ஓர் எழுத்து முக்கியமாக இருந்திருக்கிறது.

நாங்கள் எல் என்று தீர்மானித்தோம். இஸட்-எச்சைக் கண்டால் தெரியாதவர்கள் இஸினி என்கிறார்கள். ரொறன்ரோவில் இவருடைய அக்காவின் பிள்ளைகளே வாட்ஸப்பில் பார்த்து அப்படித்தான் வாசித்தார்கள். எல் போட்டால் யார் வாசித்தாலும் வாசலுக்குக் கிட்ட வந்துவிடுவார்கள்.

இரவு மச்சாள் வீடியோவில் எடுத்தார். புது எழுத்தை அனுப்பியிருந்தோம். சின்னவள் உடனே எலினி என்றாள். மூத்தவன் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிறவன். தமிழில் எப்படி என்று கேட்டான். இவர் கடதாசியில் பெரிதாக எழுதிக் காட்டினார். அவன் நாக்கை மேலே மடித்து, நிறுத்தி, இன்னொருமுறை மடித்து, எழினி என்றான்.

"நான் சொல்லுறதைவிட இவன் திறமாச் சொல்லுறான்" என்று மாமி திரைக்குக் கிட்டப் போய், "இன்னொருக்காச் சொல்லு ராசா" என்றார்.