பலாலி எண்டா எது?

எங்கள் வீட்டில் அதை யாரும் ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ என்று சொல்வதில்லை. பலாலி, அவ்வளவுதான். “ஆர் பலாலிக்குப் போறது?” என்று அம்மா கேட்டால், யாரோ சென்னைக்குப் போகினம் அல்லது அங்கிருந்து வந்து இறங்குகினம் என்று அர்த்தம். அம்மம்மா அதே சொல்லைச் சொன்னால் அது வேறு. அவவுக்குப் பலாலி என்பது ஊர். கிணறும், செம்பாட்டு மண்ணும், வெங்காயத் தறையும், கிளுவை வேலியும் உள்ள ஊர். கொக்குவிலுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இண்டைக்கும் “உங்கட ஊர் எது?” என்று யாராவது கேட்டால் கொக்குவில் என்ற சொல் அவவின் வாயில் வராது.

முதலில் அந்த ‘சர்வதேச’ என்ற சொல்லைப் பார்ப்போம். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பெயர்ப்பலகை திறந்து, சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏ.ரி.ஆர். விமானம் ஒன்று வந்து இறங்கியது. ஒழுங்கான சேவை நவம்பர் 11ஆம் திகதி தொடங்கியது. நாலு மாதமளவில்தான் ஓடியிருக்கும், கொரோனா வந்து 2020 மார்ச்சில் எல்லாம் மூடுப்பட்டது. பிறகு 2022 டிசம்பர் 12 மட்டும் ஒன்றுமில்லை. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைக்கு ஓடத் தொடங்கியது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியும் சேர்ந்தது. எழுபது, எண்பது பேர் ஏறக்கூடிய, காத்தாடி சுத்துகிற விமானங்கள்தான். இதைக் கேலி செய்வதற்காக எழுதவில்லை. இங்கிருந்து சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏறினால் விடியத்தான் இறங்குவோம். கலியாணச் சேலை எடுக்க, கண் காட்ட, வேளாங்கண்ணிக்குப் போக என்று போகிற சனத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

ஆனால் மாமாவுக்கு அது இன்னும் உதவவில்லை. மாமா இருப்பது இத்தாலியில், பலெர்மோவில். யாழ்ப்பாணத்து ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற நகரம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட சனம் மலையேறி சந்தா ரொசாலியா என்ற புனிதரின் குகைக் கோயிலுக்குப் போகுமாம். வேதக்காரர் மட்டுமில்லை, சைவக்காரரும். மாமா வருகிறார் என்றால் நடப்பது இதுதான். அங்கேயிருந்து ஒரு விமானம், பிறகு வளைகுடாவில் எங்காவது மாறி இன்னொன்று, விடியப்புறம் கட்டுநாயக்கா. இங்கிருந்து முதல்நாள் மத்தியானமே வான் பிடித்துக்கொண்டு நாங்கள் வெளிக்கிட வேணும். ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். வானுக்குள் சின்னப்பிள்ளைகள் சத்தி எடுக்கும். அவர் வெளியே வந்ததும் எல்லாரும் அழுவார்கள், பிறகு திரும்பி அதே நானூறு கிலோமீற்றர். விமானத்தில் வந்த களையை விட வானில் வந்த களைதான் அவருக்குக் கூட. போகும்போதும் இதே கூத்து. மிளகாய்த்தூள், புழுக்கொடியல், பனங்கட்டி, கருவாடு எல்லாம் நிறுத்து, திரும்பக் கழட்டி, திரும்ப நிறுத்து.

அவர் ஒருமுறை ஃபோனில் கதைக்கும்போது தன்னுடைய எயார்போட்டின் பெயரைச் சொன்னார்: பால்கோனே–போர்செல்லினோ. யார் என்று கேட்டேன். மாஃபியாவுக்கு எதிராக வழக்கு நடத்திய இரண்டு நீதித்துறை அதிகாரிகள். 1992 மே 23ஆம் திகதி பால்கோனே அந்த விமான நிலையத்தில் இறங்கி நகரத்துக்குப் போகிற நெடுஞ்சாலையில், கபாச்சி என்ற இடத்துக்குக் கிட்ட, றோட்டுக்குக் கீழே வைத்த குண்டு வெடித்து மனைவியோடும் மூன்று பாதுகாவலர்களோடும் செத்தார். 57 நாளைக்குப் பிறகு போர்செல்லினோவையும் நகரத்துக்குள் குண்டு வைத்துக் கொன்றார்கள். அந்த இரண்டு பெயரையும் விமான நிலையத்துக்கே வைத்துவிட்டார்கள். ஆனால் ஊர்ச்சனம் இண்டைக்கும் ‘புந்தா ராய்சி’ என்று பழைய இடப்பெயரைச் சொல்லித்தான் கதைக்குமாம். “நாங்கள் பலாலி எண்டு சொல்லுற மாதிரி,” என்றார் மாமா. அப்போது எனக்குப் பட்டது: அங்கே பெயரை மாற்றியவர்கள், அந்த றோட்டில் நடந்ததை மறக்கக்கூடாது என்று மாற்றினார்கள். எங்களுடைய பலகையில் ‘பலாலி’யை எடுத்துவிட்டு ‘யாழ்ப்பாணம்’ என்று போட்டதற்குக் காரணம் வேறு. வெளியாருக்குத் தெரிந்த பெயர் அது, வியாபாரத்துக்கு அதுதான் சரி. எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. ஆனால் ஊர்ப்பெயர் போனதோடு வேறு சிலதும் சேர்ந்து போகும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. யுத்தம் முடிந்து, 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, மெட்ராசுக்குப் போனது. கவனியுங்கள், இந்த நாட்டின் விமானக் கம்பனியின் முதல் ஓட்டமே எங்கள் ஊருக்கு மேலால்தான். சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆக 2019இல் நடந்ததை ‘முதன்முறையாக’ என்று சொன்னவர்களுக்கு அம்மம்மா சிரித்த சிரிப்பு நியாயமானதுதான். பக்கத்துக் காணியில் ஆடு மேய்க்கப் போனால் விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம் என்று சொல்லுவா. வசதியான ஆக்கள் அதில் ஏறி இந்தியாவுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வருவார்கள் என்பதும் அவவின் கதைதான். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு எரிச்சல் என்று பிரித்துப் பார்க்க ஏலாது.

1990 ஜூன் நடுப்பகுதியில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியது. இரண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். அம்மம்மா அடுப்பில் இருந்த கஞ்சியை மூடிவிட்டு வந்ததாகச் சொல்லுவா. கையில் எடுத்தது பிள்ளைகளும், ஒரு சூட்கேசும், காணி உறுதியும். மாமாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் கொக்குவிலும் சேர்ந்து எழும்பியபோது அந்த உறுதி தென்மராட்சிக்குப் போனது, திரும்பி வந்தது. இப்போது அம்மாவின் அலுமாரியில், பொலித்தீன் பையில்.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்குக் கிட்ட, பலாலி என்றால் படைத்தளம். பொதுச்சனம் அங்கே போவது பிளேன் ஏறுவதற்கு மட்டும்தான். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயாரின் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதில் 55 பேர். யுத்தம் முடிந்து சில வருஷத்துக்குப் பிறகுதான் கடலுக்கடியில் அதன் துண்டுகள் கிடைத்தன. எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பரப்பி வைத்து, இது யாருடையது என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையைத் திரும்ப மூடியபோது கொழும்புக்குப் போக இருந்த வழி பலாலி விமானமும், கப்பலும்தான். அம்மா 2007இல் போயிருக்கிறா. கிளியரன்சுக்கு அலைந்தது, விடியக்காலை வரிசை, பையைக் கொட்டிச் சோதித்தது, ஏறியதும் யன்னலை மூடச் சொன்னது என்று எல்லாம் சொல்லுவா. “மேலயிருந்து ஊரைப் பாக்கலாம் எண்டு ஆசைப்பட்டனான்” என்பதை மட்டும் ஒவ்வொருமுறையும் கடைசியாகச் சொல்லுவா.

நான் கம்பஸில் படிப்பது புவியியல். அதனால் எனக்கு இந்த விஷயம் ஒரு வரைபடமாகத்தான் முதலில் தெரிந்தது. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியை எடுக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதற்குப் பிறகு துண்டு துண்டாகக் காணி விடுபட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் வந்தது. விடுபடாத துண்டுகளும் இருக்கின்றன. எங்களுடையது அதில் ஒன்று. 6,381 ஏக்கர் என்றால் இருபத்தைந்து சதுர கிலோமீற்றருக்கு மேல். பெரிய ஜெட் இறங்குகிற ஒரு ஓடுபாதை இரண்டரை, மூன்று கிலோமீற்றர் நீளம். பாதுகாப்புக்கு விடுகிற இடத்தோடு சேர்த்து அரைக் கிலோமீற்றர் அகலம் என்று தாராளமாக வைத்தாலும் ஒன்றரைச் சதுர கிலோமீற்றர்தான் வரும். கட்டடம், வாகனம் விடுகிற இடம், எரிபொருள் தாங்கி எல்லாவற்றுக்கும் இன்னொரு மடங்கு கொடுங்கோ. கணக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

2025 ஏப்ரலில் வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குப் போகிற றோட்டைத் திறந்தார்கள், முப்பத்தைந்து வருஷத்துக்குக் கிட்டப் பிறகு. அப்போது காலமை ஆறு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரைதான் விட்டார்கள். நடந்து போக ஏலாமல் இருந்தது, இடையில் நிற்பாட்ட ஏலாமல் இருந்தது, படம் எடுக்க ஏலாமல் இருந்தது. அடுத்த கிழமையே பக்கத்து வீட்டுக் காரில் அம்மம்மாவை ஏற்றிக்கொண்டு போனோம். அவ வெள்ளைச் சேலை கட்டி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்தா. வசாவிளான் வரைக்கும் கதைத்துக்கொண்டு வந்தவ, கம்பி வேலி தொடங்கியதும் நிப்பாட்டிவிட்டா. இரண்டு பக்கமும் பற்றை. இடைக்கிடை கூரையில்லாத சுவர். வீடு இருந்த இடத்துக்கும் தோட்டம் இருந்த இடத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

“மெதுவா விடு தம்பி.”

“மெதுவாத்தான் விடுறன் அம்மா. நிப்பாட்டத்தான் ஏலாது.”

“ஒரு இலுப்பை நிண்டது. அதில இருந்து மூண்டாம் வளவு.”

இலுப்பை இல்லை. அவ யன்னல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, இதுவா இருக்கும், இல்லை இதுவா இருக்கும் என்று மூன்று இடத்தைக் காட்டினா. நாலாவது இடத்தைக் காட்ட முதல் றோட்டு முடிந்துவிட்டது. திரும்பி வரும்போது மற்றப் பக்கம் இருக்க வைத்தோம். அப்போதும் அவ சொன்னது இதுதான்: “கிணத்துக்கட்டைக் கண்டனெண்டா சொல்லிப்போடுவன்.”

இதைக் கேட்டதும் என்னுடைய நண்பர்கள் சிலர், அப்ப எயார்போட் வேண்டாம் என்கிறியா என்று கேட்டார்கள். வேணும். ஓடுபாதையை நீட்டி, ஏ320 மாதிரி ஜெட் இறங்கினால், வளைகுடாவிலிருந்து நேராக இங்கே வரலாம். மாமா வானில் களைத்துச் சாகத் தேவையில்லை. இங்கே படித்த பெடியன் பெட்டையளுக்கு நாலு வேலை வரும். இந்தியாவோடு இருந்த வழி ஒவ்வொன்றாக மூடுப்பட்ட வரலாறு எங்களுக்குத் தெரியும். 1964 புயலில் தனுஷ்கோடி போனது, பிறகு யுத்தத்தில் தலைமன்னார்க் கப்பல் பாதையும் மற்றவையும். இப்போது திறந்திருக்கிற காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பலும் இந்த விமானமும் சும்மா வந்தவை இல்லை. அதனால்தான் ‘விமான நிலைய விரிவாக்கம்’ என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்குக் கைதட்டவும் வரவில்லை, எதிர்க்கவும் வரவில்லை. அந்தச் சொல்லுக்குக் கீழே எத்தனை ஏக்கர் என்று கேட்கத்தான் வருகிறது.

கம்பஸில் இதைக் கதைத்தால் இரண்டு கட்சி. ஒன்று ‘அபிவிருத்திக்கு ஆரோ ஒருத்தர் விட்டுக்கொடுக்கத்தான் வேணும்’ என்கிறது. அந்த ஆரோ ஒருத்தர் எப்போதும் தெல்லிப்பழைக்கு அங்கால பிறந்தவராக இருக்கிறார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மற்றக் கட்சி ‘இந்த எயார்போட்டே ஒரு ஏமாற்று’ என்கிறது. அவர்களும் சென்னைக்குப் போக இதில்தான் ரிக்கெட் போடுகிறார்கள். எனக்கு இரண்டும் சலித்துவிட்டது. ஓடுபாதைக்கு இவ்வளவு தேவை என்று வரைபடத்தில் ஒரு கோடு கீறி, பிரதேச செயலகச் சுவரில் ஒட்டட்டும். கோட்டுக்கு உள்ளே வருகிற காணிக்கு, உறுதி வைத்திருக்கிறவருக்கு இண்டைய விலையும் மாற்றுக்காணியும். வெளியே உள்ளதை விடட்டும். எங்கள் வளவு கோட்டுக்கு உள்ளே வந்தால்? அம்மம்மாவிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பாக்கு இடித்துக்கொண்டிருந்தா.

“பிளேனுக்குத்தான் எண்டா எடுக்கட்டும். தம்பி வந்து இறங்குவான்தானே. ஆனா சொல்லிப்போட்டு எடுக்கச் சொல்லு.”

வருகிற மார்கழியில் மாமா சென்னை வழியாக வந்து பலாலியில் இறங்கலாமா என்று பார்க்கிறார். இரண்டு ரிக்கெட் தனித்தனியாக எடுத்தால் சென்னையில் பொதியை எடுத்துத் திரும்பப் போட வேணும். சின்ன விமானத்தில் அவ்வளவு நிறை விடமாட்டார்கள். மாமி அதனால் ஒத்துக்கொள்கிறா இல்லை. அம்மம்மாவுக்கு இந்த நிறைக் கணக்கில் அக்கறை இல்லை. யன்னலோரச் சீற்றுக்கு இப்போதும் மூடியை இறக்கச் சொல்லுவார்களா என்று மட்டும் மாமாவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறா.